கயிறும் கூந்தலும் ஆட்டுக்கல்லும்

“நவீன ஓவியமெல்லாம் எனக்குப் புரியாது” என்று சொல்லாத பெண்ணை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். முனைவர் பட்டம் பெற்ற தோழிகள் சொல்கிறார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்காரும் செவிலியர் சொல்கிறார். வகுப்பில் இளங்கலை மாணவிகள் சொல்கிறார்கள். சொல்லும்போது குரலில் ஒரு சின்னக் கூச்சம் இருக்கும். ஏதோ தேர்வில் தவறியது போன்ற கூச்சம் அது. ஆண்கள் இதையே சொல்லும்போது பெரும்பாலும் கேலியாகச் சொல்வார்கள்: “இதை என் பையனே வரைவான்.” புரியாமைக்குப் பெண் தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறாள், ஆண் ஓவியத்தைக் குறை சொல்கிறான். இந்த வேறுபாட்டிலிருந்துதான் என் கேள்வி தொடங்குகிறது. பார்ப்பதற்கு நமக்கு யார், எப்போது, எதைக் கற்றுக்கொடுத்தார்கள்?

நான் வாழும் திருத்தணியில் எல்லோருக்கும் ‘புரிகிற’ ஒரு படம் உண்டு. மயிலின் மேல் முருகன், இருபுறமும் வள்ளியும் தெய்வானையும். மளிகைக் கடையிலும் விசைத்தறிக் கூடத்திலும் ஆட்டோவின் கண்ணாடி மேலும் அது இருக்கும். அதைப் புரிந்துகொள்ள யாரும் வகுப்புக்குப் போகவில்லை என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் படத்துக்கும் வயது உண்டு. ராஜா ரவிவர்மா மும்பையில் அச்சகம் தொடங்கியது 1894இல். எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பைக் கல்லச்சில் கொண்டுவந்து, தெய்வங்களை வீட்டுச் சுவருக்கு அனுப்பிய தொழில் அது. பிறகு தமிழ்நாட்டில் சிவகாசி அச்சகங்களும் கோவில்பட்டி ஓவியர்களும் அந்த வழியை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் முதன்மையானவரான சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். நாடக மேடையின் படுதாவும் ஐரோப்பிய நிழல்-ஒளி முறையும் ஆலயச் சிற்பமும் கலந்து உருவானதே நாம் ‘இயல்பானது’ என்று நம்பும் காலண்டர் படம்.

அந்தப் படத்தில் வள்ளியைப் பாருங்கள். கந்தபுராண மரபில் அவள் வேடர் தலைவன் வளர்த்த மகள், தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டியவள். வேலை செய்த பெண். பல காலண்டர்களில் அவளுக்கும் தெய்வானைக்கும் ஒரே சிவந்த நிறம், ஒரே பட்டு, ஒரே நகை. கையில் கவண் இல்லை. வள்ளியைத் தெரிந்துகொண்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் எந்த வள்ளியைத் தெரிந்துகொண்டோம்? நூற்றுச் சில ஆண்டுகளுக்கு முன் அச்சுக்கு வந்த ஒரு பார்வை, எங்கள் கண்ணுக்குள் இருந்த வேறு வள்ளிகளை மெல்ல அழித்திருக்கிறது. புரிகிற படம் என்பதும் கற்றுக்கொண்ட படம்தான். கற்றது மறந்துபோனதால் பிறவியிலேயே வந்தது போல் தோன்றுகிறது. அப்படியானால் இன்னொரு வகைப் படத்தையும் கற்றுக்கொள்ள முடியும்.

ரவிவர்மாவின் தங்கை மங்களாபாயியும் ஓவியர். அண்ணனின் உருவப்படத்தை வரைந்தவர். அண்ணனின் படங்கள் அச்சேறி இந்தியா முழுதும் போயின. தங்கையின் பெயரை என் மாணவிகளில் ஒருத்தி கூடக் கேள்விப்பட்டதில்லை. 1971இல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நோக்லின், பெரும் பெண் ஓவியர்கள் ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியைத் தலைப்பாக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஒளிந்திருக்கும் பெண் மேதைகளைத் தேடிப் பட்டியலிடுவதோடு அவர் நிற்கவில்லை. கேள்வியையே திருப்பிப் போட்டார். மனித உடலை மாதிரியாக வைத்து வரையும் வகுப்பில் நூற்றாண்டுகளாகப் பெண்ணை அனுமதிக்காத ஐரோப்பிய நிறுவனங்கள், அந்தப் பயிற்சியையே பெரும் ஓவியத்தின் அளவுகோலாக வைத்திருந்தன. குறை பெண்ணின் கையில் இல்லை, நிறுவனத்தின் கதவில் இருந்தது என்றார். ஓவியம் வரைவதற்கு அவர் சொன்னது ஓவியம் பார்ப்பதற்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். “எனக்குப் புரியாது” என்று கூச்சப்படும் பெண்ணின் கண்ணில் குறை இல்லை.

நம் பக்கத்துக் கதவுகளின் வரலாறு என்ன? சென்னையில் ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். கைவினைத் தொழில்களை வளர்க்கும் பள்ளியாகவே அது நெடுங்காலம் இருந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். மெரினா கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரின் சிலையைச் செய்தவர் அவர்தான். ‘உழைப்பாளர் சிலை’ 1959 முதல் அங்கே நிற்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் பலரும் முதன்முதலில் பார்த்த நவீனச் சிற்பம் அதுவாகத்தான் இருக்கும். நால்வரும் ஆண்கள். கல் உடைத்த, கல் சுமந்த பெண்களை இந்த மாநிலத்தின் எந்தச் சாலையோரத்திலும் பார்க்கலாம். உழைப்பு என்ற சொல்லுக்கு உருவம் கொடுக்க வேண்டி வந்தபோது அவர்கள் கலைஞனின் நினைவுக்கு வரவில்லை. அதே கடற்கரையில் 1968இல் கண்ணகி வந்தாள், அவிழ்ந்த கூந்தலோடும் கையில் சிலம்போடும். 2001 டிசம்பரில் அவளை அகற்றினார்கள், 2006இல் மீண்டும் நிறுவினார்கள். உழைப்பு ஆணாகவும் கற்பும் சினமும் பெண்ணாகவும் நிற்கும் கடற்கரையில்தான் நாம் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே கலை பயின்றோம்.

ராய் சௌத்ரிக்குப் பின் 1957இல் பள்ளியின் தலைமைக்கு வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவருடைய முன்னெடுப்பில் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. ஓவியம் விற்று வாழ முடியாத காலம் அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில் ஓவியர்கள் நிலம் வாங்கினார்கள். தென்னிந்திய நவீனக் கலையின் பெருமைமிக்க அத்தியாயமாக இது எப்போதும் எழுதப்படுகிறது. அந்தப் பெருமையின் அடியில் துணியும் சாயமும் மெழுகும் இருந்தன என்பதை நான் மாணவிகளிடம் அழுத்திச் சொல்வதுண்டு. ‘கைவேலை’ என்று ஒதுக்கப்பட்டதுதான் ‘கலை’க்கு வீடு கட்டிக் கொடுத்தது.

அதே பள்ளியில் பணிக்கரின் காலத்தில் படித்தவர் டி.கே. பத்மினி. பொன்னானிப் பக்கத்துக் கிராமத்தில் 1940இல் பிறந்தார். அவருடைய ஓவியங்களில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். ரவிவர்மாவின் பெண்களைப் போல நம்மைப் பார்த்து அழகு காட்டுகிறவர்கள் அல்ல. மண்ணோடும் மரத்தோடும் இருளோடும் கலந்து தங்களுக்குள் எதையோ யோசித்துக்கொண்டு நிற்பவர்கள். பட்டம் விடும் சிறுமியை வரைந்த அவருடைய ஓவியம் கேரளத்தில் நன்கு அறியப்பட்டது. 1969 மே மாதம் பிரசவத்தின்போது அவர் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஓவியரின் வாழ்க்கைக் குறிப்பில் ‘பிரசவத்தில் மரணம்’ என்ற வரி எந்த ஆண் மேதைக்கும் எழுதப்பட்டதில்லை. பெண் கலையின் வரலாற்றில் உடலும் ஒரு நிறுவனம்தான். அதற்கும் கதவுகள் உண்டு.

இந்த வரலாறெல்லாம் தெரிந்தாலும் ஒரு சமகாலப் படைப்பின் முன் நிற்கும்போது தயக்கம் வரும். சட்டத்துக்குள் இருக்கும் ஓவியமாவது பரவாயில்லை. தரையில் கயிறு கிடக்கிறது, கூரையிலிருந்து இரும்பு தொங்குகிறது, இதுவும் கலை என்கிறார்கள் என்றால் என்ன செய்வது? இதற்கு விடை தேடி நான் திரும்பத் திரும்பப் போகும் கலைஞர் ஷீலா கௌடா. 1957இல் கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்தவர். பெங்களூரிலும் சாந்திநிகேதனிலும் பின்பு லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் ஓவியம் படித்தவர். சாந்திநிகேதனில் அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் கே.ஜி. சுப்பிரமணியன் முக்கியமானவர். கலைக்கும் கைவினைக்கும் நடுவே போட்டிருந்த கோட்டை வாழ்நாள் முழுதும் அழித்தவர் அவர்.

ஷீலா கௌடா தொடக்கத்தில் எண்ணெய் வண்ணத்தில்தான் வரைந்துகொண்டிருந்தார். 1992இன் பாபர் மசூதி இடிப்பும் அதைத் தொடர்ந்த வன்முறையும் அவரை உலுக்கின. நடப்பதைச் சொல்ல வண்ணமும் துணியும் போதவில்லை. அவர் சாணத்தைக் கையில் எடுத்தார். பசு அரசியல் சின்னமாக உரக்கப் பேசப்பட்ட அதே பத்தாண்டில், பெண்கள் தினமும் அள்ளி, கரைத்து, தெளித்து, தட்டிக் காயவைக்கும் சாணம் கலைக்கூடத்துக்கு வந்தது. ஒரே விலங்கின் பெயரால் எழும் கோஷமும் அதன் கழிவைச் சுமக்கும் கையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை அவர் எழுதி ஒட்டவில்லை. பொருளையே பேச வைத்தார். வாசலில் சாணம் தெளிக்கும் பெண்ணுக்கு அந்தப் படைப்பை விளக்க ஓவியக் கோட்பாடு தேவைப்படாது. அதன் நாற்றமும் ஈரமும் காய்ந்தபின் வரும் வெடிப்பும் அவளுக்குத் தெரியும்.

1998இல் அவர் செய்த படைப்பு ஒன்று. தலைப்பைத் தமிழில் ‘என் வலியை அவரிடம் சொல்’ என்று சொல்லலாம். ஊசியின் காதில் நூலைக் கோத்து, நீளமாக இழுத்துக்கொண்டே போகிறார். இன்னொரு ஊசி, இன்னொரு நூல். அப்படிக் கோத்த நூல்களையெல்லாம் சேர்த்து, குங்குமமும் பசையும் கலந்து பூசி ஒரே கயிறாக்குகிறார். சிவந்த கயிறு சுவரில் ஏறித் தரையில் புரண்டு நெளிகிறது. நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்குகின்றன. புகைப்படத்தில் முதலில் பார்க்கும்போது கோடு வரைந்தது போல இருக்கும். அடுத்த பார்வையில் நரம்பு, தொப்புள்கொடி, குடல் என்று உடலின் உள்பக்கமாக மாறும்.

இந்தப் படத்தை நான் வகுப்பில் காட்டியபோது, தலைப்பையும் பெயரையும் சொல்லவில்லை. “இது எப்படிச் செய்யப்பட்டிருக்கும்?” என்று மட்டும் கேட்டேன். திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் என்று நெசவு ஊர்கள். மாணவிகளில் பலர் தறிச் சத்தத்தில் பிறந்தவர்கள், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, “இதேமிடி?” என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டது எனக்குக் கேட்டது. சற்று நேரம் கழித்து அவளே எழுந்தாள். “மேடம், ஒவ்வொரு நூலையும் முழுசா இழுத்திருக்காங்க. இதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்னு பாருங்க. எங்கம்மா தார் சுத்தறப்போ இப்டிதான், சாயந்தரம் விரல்ல கோடு விழுந்திருக்கும்.” தறியில் நெய்பவருக்குக் கூலி உண்டு, பெயர் உண்டு. தார் சுற்றும் பெண்ணின் வேலை பல வீடுகளில் ‘கூடமாட’ என்ற சொல்லுக்குள் போய்விடும். அந்தப் பெண் சொன்ன பிறகு நான் கோட்பாடு எதையும் சேர்க்கவில்லை. அந்தப் படைப்பின் மையத்தை அவள் தொட்டுவிட்டாள். மீண்டும் மீண்டும் செய்யப்படும், கண்ணுக்குத் தெரியாத, கூலிக் கணக்கில் வராத விரல் வேலை அங்கே நீளமாகக் கிடக்கிறது. தலைப்பைச் சொன்னபோது வகுப்பு அமைதியானது. “அவரிடம் என்றால் யாரிடம்?” என்று இன்னொருத்தி கேட்டாள். அதுவும் நல்ல கேள்வி. கலைஞர் அதற்குப் பதில் வைக்கவில்லை.

திருத்தணியில் இருந்துகொண்டு பார்க்கும்போது என்னை மிகவும் நிறுத்தும் படைப்பு, 2009இல் வெனிஸ் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ‘பாருங்கள்’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் அதன் பெயர். மனிதத் தலைமுடியைத் திரித்த சுமார் 4 கிலோமீட்டர் கயிறு சுவரிலும் தரையிலும் கறுப்பாகக் குவிந்து வழிகிறது. அந்தக் கயிற்றில் ஏறக்குறைய இருபது கார் பம்பர்கள் தொங்குகின்றன. இப்போது அது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நான் நேரில் பார்த்ததில்லை, படங்களில்தான். ஆனால் அதன் பொருளை நான் நேரில் அறிவேன்.

கோயிலில் முடி காணிக்கை கொடுக்கிறோம். நீளமான முடி பொட்டுமுடிக்கும் ஒட்டுமுடிக்கும் விலை போகிறது. மிஞ்சும் குட்டை முடி கயிறாகத் திரிக்கப்பட்டு, கண்திருஷ்டி படாமலிருக்க வண்டிகளில் கட்டப்படுகிறது. பெங்களூரில் வண்டிகளின் பம்பரில் அப்படிக் கட்டியிருப்பதைப் பார்த்துத்தான் ஷீலா கௌடா அந்தக் கயிற்றிடம் போனார். எங்கள் மலையில் ஆண்டு முழுதும் முடி இறக்குகிறார்கள். ஆடிக் கிருத்திகை வந்தால் மொட்டைத் தலைகளில் பூசிய சந்தனத்தின் மணம் 365 படிகளிலும் இருக்கும். அறநிலையத் துறைக் கோயில்களில் முடி இறக்கக் கட்டணமில்லை என்று 2021இல் அரசு அறிவித்தது. பெண்களில் சிலர் ‘பூமுடி’ மட்டும் கொடுப்பார்கள், சிலர் முழுவதும் இறக்குவார்கள். மகனுக்குக் காய்ச்சல் தணியட்டும், கணவன் குடியை விடட்டும், மகளுக்கு வரன் அமையட்டும். வேண்டுதல் பெரும்பாலும் அடுத்தவருக்காக, கொடுப்பது தன் உடலிலிருந்து.

பெண்ணின் கூந்தலைப் பற்றித் தமிழ் எவ்வளவு பேசியிருக்கிறது! சங்கப் பாடல்கள் அதை ஐம்பால் என்று வகுத்துப் பார்த்தன. புறநானூற்றில் கணவனை இழந்தவளின் மழித்த தலை வருகிறது. பாரதியின் பாஞ்சாலி கூந்தலை முடிய மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். 1903இல் அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ நாவல் இளம் விதவையின் நிலையைப் பேசியது. எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவிளையாடல் புராணம். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று இறைவனும் நக்கீரரும் பாண்டியன் அவையில் வாதிடுகிறார்கள். 1965இன் திரைப்படத்தால் அந்த வாதம் சிறுபிள்ளைக்கும் மனப்பாடம். இலக்கண நேர்மைக்கும் ஆசிரியத் துணிவுக்கும் எடுத்துக்காட்டாக அதைப் பாடம் நடத்துகிறோம், நானும் நடத்துகிறேன். அந்த அவையில் ஒருவருக்கும் தோன்றாத எளிய வழி ஒன்று உண்டு. கூந்தல் உடையவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

‘பாருங்கள்’ என்ற அந்தப் படைப்பில் கூந்தல் யாருடைய வருணனைக்கும் உட்பட்டதாக இல்லை. மணம் இல்லை, பூ இல்லை, முகம் இல்லை. ஆயிரக்கணக்கானோரின் தலையிலிருந்து வந்தது, எவருடையது என்று பிரிக்க முடியாதது. மெல்லியது என்று பெயர்பெற்ற அந்தப் பொருள் அங்கே இரும்பைத் தாங்குகிறது. ஒரு முடியை விரலில் சுற்றி இழுத்தால் அறுந்துவிடும். திரித்தால் பம்பரைத் தூக்கும். பெண்கள் ஒன்றுசேர்வதைப் பற்றி நாம் மேடையில் சொல்லும் சொற்களைவிட இது எனக்கு நம்பகமாக இருக்கிறது. ஆனால் உடனே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கயிற்றின் வேலையே வண்டியைக் காப்பதுதான். வண்டி யாருடையது? கண்ணேறுபடாமல் காக்கப்படும் சொத்து ஒருவருடையது, காக்கும் உடல் வேறொருவருடையது. படைப்பு இரண்டையும் சேர்த்தே தொங்கவிடுகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மகிழ விடுவதில்லை.

இந்த முடி உலகம் சுற்றிய கதையும் உண்டு. யூத மரபுவழிக் குடும்பங்களில் திருமணமான பெண்கள் தம் முடியை மறைக்கப் பொய்முடி அணிவதுண்டு. 2004இல், இந்தியக் கோயிலில் காணிக்கையாக வந்த முடி வேற்றுத் தெய்வ வழிபாட்டில் தொடர்புடையது என்று மதகுருக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். நியூயார்க்கின் புரூக்ளினிலும் இஸ்ரேலிலும் பெண்கள் தம் விலை உயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் தீயிலிட்டார்கள். ஒரு கோயில் மலையில் ஒரு பெண் நேர்ந்து கொடுத்த முடி, கடல் கடந்து இன்னொரு பெண்ணின் கற்பை மறைக்கப் போய், அங்கே ஆண்கள் சொன்ன தீர்ப்பால் சாம்பலானது. இடையில் ஏலம், ஏற்றுமதி, லாபம். கொடுத்தவளின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. வெனிஸ் கூடத்தில் கறுப்பாகக் கிடந்த நாலு கிலோமீட்டர் கயிற்றை இந்தத் தகவலோடு பார்ப்பதும் இல்லாமல் பார்ப்பதும் ஒன்றல்ல. ‘கலையைப் புரிந்துகொள்ளுதல்’ என்று சொல்வதில் பாதி, பொருள் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதுதான். அரிசியில் கல் பார்க்கவும் புடவையில் பாவு ஊடை பார்க்கவும் தெரிந்த நமக்கு அந்த விசாரணை புதிதல்ல.

மூன்றாவது படைப்பை நேரில் பார்த்தேன். 2012 டிசம்பரில் கொச்சியில் முதல் கொச்சி–முசிறிஸ் கலைத் திருவிழா தொடங்கியது. ஒரு காலத்தில் வாசனைப் பொருளும் கயிறும் வணிகம் செய்த ஆஸ்பின்வால் மாளிகை வளாகத்தில் ஷீலா கௌடாவும் அவருடைய துணைவர் கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டுக்கற்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெங்களூரில் பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது அடுப்படியிலிருந்து பெயர்த்துத் தெருவோரம் விட்டுவிடப்பட்ட கற்கள் அவை. உடைக்க மனமில்லை, வைத்துக்கொள்ள இடமில்லை. கற்களின் குழிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழம்.

அங்கே நின்ற ஆண்கள் இருவர் பழைய சட்னியின் ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏக்கத்தை நாம் எல்லா வீட்டிலும் கேட்டிருக்கிறோம். கோயம்புத்தூரில் செய்த கிரைண்டர் வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் யாரும் ருசி போயிற்றே என்று அழவில்லை. முறை வைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆட்டுக்கல்லின் குழி என்பது கருங்கல்லைப் பெண்ணின் மணிக்கட்டு தேய்த்த ஆழம். அந்தக் குழிகளைப் பார்த்தபோது எனக்கு ஏக்கமோ சினமோ வரவில்லை. இது ஒரு ஆவணக் காப்பகம் என்று தோன்றியது. கல்வெட்டில் மன்னன் கொடுத்த நிலத்தின் அளவு இருக்கும். இங்கே எழுத்து இல்லை, ஆனால் எத்தனை ஆண்டு எத்தனை காலை என்ற கணக்கு கல்லில் பதிந்திருக்கிறது. வரலாற்றுத் துறை மாணவிகளிடம் நான் இதைத்தான் கேட்பேன்: இந்தக் கல்வெட்டை எப்படிப் படியெடுப்பீர்கள்?

இவ்வளவும் சொன்னபின் ஒரு ஐயத்தை மறைக்க விரும்பவில்லை. முடி கொடுத்தவர்கள் பெயரற்றவர்கள், கயிறு திரித்தவர்கள் பெயரற்றவர்கள், லண்டன் அருங்காட்சியகத்தின் சுவர்க் குறிப்பில் ஒரே ஒரு பெயர். கலைச் சந்தையும் அந்த ஏலத்தைப் போலத்தானே? ஒரு மாணவி என்னிடம் நேராகவே கேட்டாள்: “மேடம், அந்தக் கயித்த திரிச்சவங்களுக்கு இது கலைன்னு தெரியுமா?” இந்தக் கேள்வியை நான் சமாதானம் சொல்லி மூடவில்லை. ஒரு பெண் கலைஞர் வெற்றி பெறுவதாலேயே மற்றப் பெண்களின் உழைப்புக்குக் கணக்கு நேராகிவிடாது. ஆனால் அந்த மாணவிக்கு இந்தக் கேள்வி பிறந்தது அந்தப் படைப்பிலிருந்துதான். பண்டிகை நாளில் மலையில் மூட்டையாகக் கட்டப்படும் முடியை அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள், அப்போது கேட்டதில்லை. பழகிய பொருளைப் பழகாத இடத்தில் வைத்ததால் கேள்வி வந்தது. படைப்பு செய்யக்கூடியது அது. மீதியைச் சங்கமும் சட்டமும் நாமும்தான் செய்ய வேண்டும்.

என் மாணவிகளோடு சேர்ந்து நான் சில கேள்விகளைப் பழகியிருக்கிறேன். இது எதனால் ஆனது? அந்தப் பொருளை வாழ்க்கையில் யார் தொடுகிறார்கள்? செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், எத்தனை கைகள்? என் உடலுக்கு முன் இது எவ்வளவு பெரியது, நான் குனிய வேண்டுமா, அண்ணாந்து பார்க்க வேண்டுமா? இது வழக்கமாக எங்கே இருக்கும், இங்கே ஏன் இருக்கிறது? இவற்றுக்கெல்லாம் பதில் எழுதிய பிறகுதான் தலைப்பையும் சுவர்க் குறிப்பையும் படிப்போம். குறிப்பு நம் பதிலோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம், எது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. “என் பையனே வரைவான்” என்பவரிடமும் இதே கேள்விகளை நீட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில் பேச்சு நின்றுவிடும்.

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவும் உண்டு, சமகாலக் கலைக்கூடமும் உண்டு. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இன்றும் இருக்கிறது. கடந்த முறை கூட்டிப்போனபோது மாணவி ஒருத்தி தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள், தார் சுற்றும் அம்மாவை. உலோகக் கம்பிகளைப் பின்னிச் செய்த ஒரு சிற்பத்தைச் சுற்றி அந்த அம்மா இருமுறை நடந்தார். மகள் ஏதோ விளக்க வாயெடுத்தாள். அம்மா கையமர்த்திவிட்டு, கம்பி முடியும் இடத்தை விரலால் காட்டிச் சொன்னார்: “இரு, முடிச்சு எங்க போட்டிருக்காங்கன்னு பாத்துக்கறேன்.”